பட்டியல் யார் கையில்?

சாதாரண உறுப்பினர் கையில் ஓட்டைக் கொடுத்தால் கட்சி உருப்படாது என்ற பேச்சு, பேராக்கில் இன்று எல்லாக் கட்சிக்கும் பொதுச்சொத்து. ஈப்போவில் ம.இ.கா.காரரும் ஜ.செ.க.காரரும் பி.கே.ஆர்.காரரும் வேறு எதில் ஒத்துப்போனார்கள்? இதில் மட்டும் ஒரே குரல். உறுப்பினருக்கு விவரம் போதாதாம். ஐம்பது வெள்ளிக்கும் ஒரு பொட்டலச் சோற்றுக்கும் போய்விடுவாராம். கோஷ்டி சேர்வாராம், கூட்டத்தில் நாற்காலி பறக்குமாம். ஆகவே விவரம் தெரிந்த பேராளர்கள் கூடித் தலைமையைத் தேர்ந்தெடுக்கட்டும்; வேட்பாளர் யார் என்பதைத் தலைமை பார்த்துக்கொள்ளட்டும். உறுப்பினர் கொடி கட்டட்டும், வீடு வீடாகத் துண்டறிக்கை போடட்டும், தேர்தல் நாளில் வயதானவர்களை வண்டியில் ஏற்றி வரட்டும்.

2025இல் இந்தப் பேச்சுக்குச் சான்றிதழும் கிடைத்துவிட்டது. ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு என்று 2010இல் நாட்டுக்கே வழிகாட்டிய பி.கே.ஆர்., தன் மத்தியத் தலைமைத் தேர்தலை எல்லா உறுப்பினர்களிடமிருந்தும் எடுத்துப் பேராளர்களிடம் கொடுத்தது. ‘ஆரம்பித்தவர்களே கைவிட்டார்கள், இன்னுமா பேசுகிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள்.

இன்னும் பேசத்தான் வேண்டும். கட்சித் தேர்தல்களில் நடக்கும் அசிங்கம் எதையும் நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த அசிங்கத்துக்காகக் கூண்டில் ஏற்றப்பட்டிருப்பவர் தவறான ஆள்.

முதலில் பேராளர்களின் யோக்கியதையைப் பார்த்துவிடுவோம். ஜ.செ.க.வில் மத்திய செயற்குழுவைத் தேர்ந்தெடுப்பது கிளைகளிலிருந்து வரும் பேராளர்கள். தேர்வானவர்கள் பிறகு தங்களுக்குள் பதவிகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். 2012 டிசம்பரில் பினாங்கில் நடந்த தேர்தலின் முடிவு, சில வாரங்களில் ‘கணக்குப் போட்டதில் பிழை’ என்று திருத்தப்பட்டது. எங்களுக்கு அழைப்பே வரவில்லை என்று ஒரு கூட்டம் பேராளர்கள் சங்கப் பதிவிலாகாவுக்குப் போனார்கள். 2013 செப்டம்பரில் மறுதேர்தல். அதையும் பதிவிலாகா ஏற்காமல் 2017 நவம்பரில் இன்னொன்று. ம.இ.கா. மட்டும் என்ன? 2013 நவம்பரில் மலாக்காவில் பேராளர்கள் ஓட்டுப் போட்டார்கள். முறைகேட்டுப் புகார்கள் கிளம்பின; உதவித் தலைவர்களுக்கும் மத்திய செயலவைக்கும் மறுபடி தேர்தல் நடத்தச் சொல்லிப் பதிவிலாகா உத்தரவிட்டது. தேசியத் தலைவர் ஜி. பழனிவேல் தரப்பு நீதிமன்றம் போயிற்று. கட்சி விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதால் 2015இல் தலைவரே உறுப்பியத்தை இழந்துவிட்டார் என்று கட்சி விதி காட்டப்பட்டது. ஒரு வருடம் அந்தக் கட்சிக்கு இரண்டு தலைமை, இரண்டு கூட்டம், இரண்டு அறிக்கை.

இந்த இரண்டு கூத்திலும் தோட்டத்துப் பாட்டியோ பட்டறையில் வேலை செய்யும் தம்பியோ ஓட்டுப் போடவில்லை. விவரம் தெரிந்த பேராளர்கள் மட்டுமே போட்டார்கள். உறுப்பினர் ஓட்டு குழப்பத்தைக் கொண்டுவரும் என்கிறவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பி.கே.ஆரின் நேரடித் தேர்தல்கள் அழகாக நடந்தன என்று சொல்ல மாட்டேன். 2014இலும் 2018இலும் அடிதடி, கூச்சல், தள்ளிவைப்பு எல்லாம் நடந்தன. 2018இல் கையடக்கக் கணினியில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். பல இடங்களில் கருவி வேலை செய்யவில்லை. ஆனால் அந்த ஆண்டில் நடந்த ஒரு விஷயம் இந்த விவாதத்தில் ஏன் பேசப்படுவதே இல்லை என்று எனக்குப் புரியவில்லை. சரவாக்கின் ஜூலாவ் தொகுதியில் சில நூறாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, பதிவு முடியும் நேரத்தில் ஒரேயடியாகப் பதின்மூவாயிரத்தைத் தொட்டது. அந்தப் பதின்மூவாயிரம் பேரும் தாமாகவே ஒரே நாளில் அரசியல் ஞானம் பெற்று வந்து சேர்ந்தார்களா? யாரோ ஒருவர் கையில் அடையாள அட்டை எண்கள் இருந்தன. யாரோ உட்கார்ந்து ஏற்றினார்கள். ஓட்டுரிமை உறுப்பினருக்கு வந்ததே தவிர, உறுப்பினர் பட்டியல் பழைய கைகளிலேயே இருந்தது. நோய் அங்கே. மருத்துவர்களோ பட்டியலை விட்டுவிட்டு ஓட்டை வெட்டி எடுத்தார்கள்.

வெட்டிய பிறகு என்ன கிடைத்தது? 2022இல் துணைத் தலைவர் பதவிக்கு ரஃபிசி ரம்லியும் சைஃபுடின் நசுத்தியோனும் மோதியபோது, பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர் உள்ள கட்சியில் ஓட்டுப் போட்டவர்கள் மிகக் குறைவு என்று ஏளனம் செய்தார்கள். குறைவுதான். ஆனாலும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போட்டார்கள். 2025 மே மாதம் ஜொகூர் பாருவில் பேராளர்கள் ஓட்டுப் போட்டார்கள். நூருல் இஸாவுக்கு 9,803, ரஃபிசிக்கு 3,866. மொத்தம் பதினான்காயிரத்தைத் தொடவில்லை. ஓட்டுரிமை பெற்றிருந்த பேராளர்களோ முப்பதாயிரத்துக்கும் மேல். அதாவது ‘அக்கறையுள்ளவர்கள்’ என்று வடிகட்டி எடுத்த கூட்டத்திலும் பாதிக்கு மேல் வரவில்லை. வருகைக் குறைவைக் காட்டி உறுப்பினரின் உரிமையைப் பறிக்கலாம் என்றால், அதே தராசில் பேராளர்களையும் நிறுத்த வேண்டாமா? நூருல் இஸா தகுதியானவரா, ரஃபிசி தகுதியானவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. 2022இல் உறுப்பினர்கள் கட்சியின் பொதுச்செயலாளரைத் தோற்கடித்தார்கள். 2025இல் பேராளர்கள் கட்சித் தலைவரின் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த வாக்காளர் கூட்டம் தலைமைக்கு வசதி என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக்காட்ட முடியாது.

விலைபோவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை, அம்னோவே சொல்லிவிட்டது. ஏறக்குறைய 2,500 பேராளர்கள் தலைமையைத் தேர்ந்தெடுத்துவந்த கட்சி அது. பண அரசியல் அடங்கவில்லை என்று 2009இல் விதியைத் திருத்தி, 2013 தேர்தலில் ஓட்டுரிமையைச் சுமார் 1,46,000 பேருக்கு விரித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: சில ஆயிரம் பேரை வாங்கலாம், ஒன்றரை லட்சம் பேரை வாங்குவது கஷ்டம். அம்னோ அதனால் புனிதமாகிவிட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் நாடு பார்த்த ஊழல் எல்லாருக்கும் தெரியும். 2023இல் முதல் இரண்டு பதவிகளுக்குப் போட்டியே வேண்டாம் என்று பொதுப்பேரவையில் தீர்மானம் போட்டதும் அதே கட்சிதான். ஆனால் வியாபாரம் தெரிந்தவர்கள் சொன்ன கணக்கு சரியான கணக்கு. சிறிய வாக்காளர் கூட்டம் என்பது சந்தை. பேராளர் மாநாட்டுக்கு முந்திய இரவு எந்தெந்த ஹோட்டல் மாடிகள் நிரம்பியிருக்கும், யார் யாருக்கு அறை போட்டார் என்பதைக் கிளை அரசியலில் பத்து வருடம் இருந்தவர் எவரும் சொல்வார்.

ஜ.செ.க. மாநாடுகளில் ‘மெனு’ என்று ஒன்று சுற்றும். இன்னின்னாருக்குப் போடு என்று அணித்தலைவர் எழுதிக் கொடுக்கும் பட்டியல். பேராக்கில் அது இல்லாமல் ஒரு மாநிலத் தேர்தல் நடந்ததாக யாரும் நினைவுகூர மாட்டார்கள். விவரம் தெரிந்த பேராளர் அந்தச் சீட்டைப் பார்த்து எண்களை நகலெடுப்பதற்கும், விவரம் தெரியாதவர் என்று நீங்கள் ஒதுக்கும் உறுப்பினர் கேட்டுத் தெரிந்து ஓட்டுப் போடுவதற்கும் என்ன வித்தியாசம்? முன்னவருக்குப் பேட்ஜ் உண்டு.

இனி அந்த ‘விவரம்’ பற்றிப் பேசுவோம். எனக்கு அதிகமாகக் கோபம் வருவது இதில்தான்.

பேராக்கின் தோட்டங்களில் வாழ்ந்த ஜனங்களுக்கு எதுவும் யாரும் செய்துகொடுக்கவில்லை. கோயிலை அவர்களே கட்டினார்கள். திருவிழா வரிப்பணத்துக்கு அவர்களே கணக்கு எழுதினார்கள், கணக்கில் ஒரு வெள்ளி இடித்தால் அம்மன் சந்நிதியிலேயே சட்டையைப் பிடித்தார்கள். மரண சகாய நிதியை நடத்தினார்கள். லயத்து வாசலில் மணிமன்றம் வைத்து நாடகம் போட்டார்கள். தமிழ்ப்பள்ளிக் கூரைக்குத் துண்டு விரித்துப் பணம் சேர்த்தார்கள். ஐம்பதுகளின் பிற்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, குடும்பங்களைத் தெருவில் விட்டபோது, சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் மரம் சீவிக் கூலி வாங்கியவர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். பத்து வெள்ளி அன்று ஒரு தொழிலாளிக்குச் சில நாள் கூலி. அதை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்று தீர்மானிக்கத் தெரிந்தவருக்குக் கிளைத் தலைவரைத் தீர்மானிக்கத் தெரியாதா?

அந்த ஜனங்கள் இன்று தோட்டத்தில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. அவர்கள் புந்தோங்கிலும் சிலிபினிலும் கெமோரிலும் தஞ்சோங் ரம்புத்தானிலும் அடுக்குமாடிகளிலும் குறைந்த விலை வீடுகளிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தொழிற்சாலையில், பட்டறையில், சிங்கப்பூர் போகும் பேருந்தில். ஆனால் கட்சிக் கிளை பற்றிய நம் கற்பனை இன்னும் லயத்திலேயே நிற்கிறது: ஒருவர் பேசுவார், மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

கங்காணி முறை 1938இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது என்று வரலாற்றில் படிக்கிறோம். கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இத்தனை காசு. எத்தனை தலை வைத்திருக்கிறான் என்பதே அவன் பலம். இன்றைய கிளை அரசியலைப் பாருங்கள். கிளைத் தலைவரின் மதிப்பு அவர் பட்டியலில் எத்தனை பெயர் என்பதில் இருக்கிறது. அந்தப் பெயர்களில் மனைவி, மச்சினி, பக்கத்து வீட்டு அக்கா, அரிசிப் பை வாங்க வந்தபோது அடையாள அட்டை நகல் கொடுத்தவர் எல்லாரும் இருப்பார்கள். தாம் ஒரு கட்சியின் உறுப்பினர் என்று தெரியாமலேயே செத்துப்போனவர்களும் உண்டு. செத்த பிறகும் சிலர் கூட்டத்துக்கு வந்ததாகக் கணக்கு இருக்கும். இந்தப் பெயர்களுக்கு ஓட்டுரிமை கொடுப்பது ஆபத்து என்று யார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பெயர்களைச் சேர்த்தவர்களே சொல்கிறார்கள்.

விவரத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் சுங்கை சிப்புட்டுக்கு வாருங்கள். ச. சாமிவேலு 1974 முதல் 2008 வரை அங்கே நாடாளுமன்ற உறுப்பினர். 1979 முதல் ம.இ.கா. தலைவர். 2008 மார்ச்சில் அவரை 1,821 ஓட்டு வித்தியாசத்தில் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தோற்கடித்தார். இவருக்குப் பின்னால் பெரிய கட்சி இல்லை. சோசலிசக் கட்சி அன்று பதிவுகூடப் பெறவில்லை, பி.கே.ஆர். சின்னத்தில் நின்றார். பின்னால் இருந்தது ‘அலைகள்’ என்ற சிறு அமைப்பும், தோட்டம் தோட்டமாகப் போய் வீட்டுரிமை, மாதச் சம்பளம் என்று தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசிய பல வருடங்களும். 2018இல் அதே வாக்காளர்கள் ஜெயக்குமாரையும் மாற்றி, பி.கே.ஆரின் கேசவனைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு; ஆனால் முடிவு அவர்களுடையது. 2022இல் ம.இ.கா. தலைவர் ச. விக்னேஸ்வரன் வந்து நின்றார், கேசவனையே வைத்துக்கொண்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர், ஒராங் அஸ்லி எல்லாரும் கலந்த தொகுதி அது. ஆட்சியை மாற்ற, அமைச்சரை வீட்டுக்கு அனுப்ப அந்த வாக்காளருக்கு விவரம் உண்டு என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அதே ஆள் அதே அடையாள அட்டையோடு கட்சிக் கிளைக்குள் நுழைந்தால் மட்டும் விவரம் எங்கே போய்விடுகிறது?

சிலர் இங்கிலாந்தைக் காட்டுவார்கள். 2022இல் கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள், ஐம்பது நாள்கூட நிற்கவில்லையே என்று. உண்மைதான். ஆனால் அந்த உறுப்பினர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டது இரண்டே பெயர். இரண்டையும் வடிகட்டி அனுப்பியவர்கள் விவரம் தெரிந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

அடுத்தது, சமூகம் சிறியது, கோஷ்டி கூடாது, ஒரே குரல் வேண்டும் என்ற வாதம். பேராக் தமிழர்களிடம் இது நன்றாக எடுபடும். பயத்தைத் தொடுகிற வாதம். ஆனால் சிதறல் எங்கிருந்து வந்தது என்று வரிசையாகப் பாருங்கள். 1988இல் எம்.ஜி. பண்டிதன் ம.இ.கா.விலிருந்து வெளியேற்றப்பட்டார், 1990இல் அவருடைய ஐ.பி.எஃப். கட்சி பிறந்தது. 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் பேரணி. 2009இல் மக்கள் சக்தி கட்சி. ஜ.செ.க.விலிருந்து விலகிய பேராசிரியர் பி. இராமசாமி 2023இல் உரிமை கட்சியை அறிவித்தார். உள்ளே போட்டியிட்டுத் தோற்க இடமிருந்தால் பாதிப் பேர் உள்ளேயே தோற்றுவிட்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்று இருந்திருப்பார்கள். கதவு மூடியிருந்ததால் ஒவ்வொருவரும் வெளியே போய்ச் சொந்தக் கொடி வாங்கினார்கள். இத்தனைக்கும் ம.இ.கா.வில் 2009, 2018, 2021, 2024 என்று தலைவர் பதவிக்குப் போட்டியே நடக்கவில்லை. அந்த ஒரே குரல் எதைச் சாதித்தது? 2008இல் கட்சி ஒன்பது நாடாளுமன்றத் தொகுதியில் நின்று மூன்றில் வென்றது; 2022இல் மிஞ்சியது ஒன்றே ஒன்று, நம் பேராக்கின் தாப்பா.

கட்சிக்குள் வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்தால் வாக்குச்சாவடியில் திறப்பார்கள். 2008 அதுதான்.

ஓட்டுரிமையைப் பெயருக்குக் கொடுத்துவிட்டு வாசலில் தடுப்பதும் உண்டு. இந்த வித்தையில் எல்லாக் கட்சிக்கும் கைத்தேர்ச்சி. 1987இல் அம்னோவை உடைத்த போட்டிக்குப் பிறகு, வேட்புமனுவுக்கு இத்தனை தொகுதிகளின் ஆதரவு வேண்டும் என்று ஒதுக்கீடு வைத்தார்கள். அதற்குப்பின் அங்கே தலைவர் பதவிக்கு யாரும் சுலபமாக நிற்க முடியவில்லை. ம.இ.கா.வில் 2009இல் சாமிவேலுவை எதிர்த்து மனுக் கொடுக்க வந்த மு. முத்துபழனியப்பனுக்குத் தேவையான கிளைகளின் முன்மொழிவு இல்லை என்று சொல்லி வாசலிலேயே கதை முடிந்தது. தமிழ்நாட்டுக்குப் போனால் அ.தி.மு.க. இன்னும் அழகான உதாரணம். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து வரும் விதி. கேட்கவே பெருமையாக இருக்கும். 2022 ஜூலை பொதுக்குழு அந்தப் பதவியை மீட்டெடுத்தபோது, நிற்பவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்று சேர்த்தார்கள். 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். உறுப்பினரின் ஓட்டு விதிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. போட வேண்டிய தேவை வரவில்லை.

ஆகவே ஒருவர் ‘எங்கள் கட்சியிலும் உறுப்பினருக்கு ஓட்டு உண்டு’ என்றால், வேட்புமனுவுக்கு எத்தனை கையெழுத்து என்று கேளுங்கள்.

இதெல்லாம் கட்சிக்காரர் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஈப்போவில் வாழ்கிறவர் அப்படிக் கேட்க முடியாது. இந்த ஊர் ஒரு காலத்தில் தன் நகர மன்றத்தைத் தானே தேர்ந்தெடுத்தது. டி.ஆர். சீனிவாசகமும் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் நடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி, ஈப்போவில் 1953இல் தோன்றி, ஐம்பதுகளின் பிற்பாதியிலேயே நகர மன்றத்தைக் கைப்பற்றியது, டி.ஆர். பெயரில் இன்றும் ஊர் நடுவே பூங்கா இருக்கிறது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்து, தேர்தல் திரும்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் கேட்கவில்லை. 1976இன் ஊராட்சிச் சட்டம் தேர்தலையே எடுத்துவிட்டது. இன்று மாநகர் மன்ற உறுப்பினர்கள் நியமனம். ஆளும் கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக்கொண்டு பெயர்களைக் கொடுக்கின்றன.

அப்படியானால் புந்தோங்கில் சாக்கடை நிரம்பினால், சிலிபினில் தெருவிளக்கு எரியாவிட்டால், கோயில் நிலத்துக்கு நோட்டீஸ் வந்தால், அதைக் கவனிக்க வேண்டிய ஆளை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஒரு கட்சியின் தொகுதி அலுவலகத்தில் நாலைந்து பேர். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊராட்சித் தேர்தல் இல்லாத நாட்டில், கட்சிக் கிளை ஒன்றுதான் சாதாரண ஆள் தன் தெருவின் விஷயத்தில் கை தூக்கக்கூடிய இடம். அந்த இடத்திலும் கையைத் தூக்காதே என்றால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை போடும் ஓட்டோடு அவர் கதை முடிந்தது. மன்ற உறுப்பினர் பெயரைத் தொகுதித் தலைவர் பாக்கெட்டிலிருந்து எடுக்காமல், அந்தந்த வட்டாரக் கிளை உறுப்பினர்கள் ரகசிய ஓட்டில் பரிந்துரைக்கட்டும் என்று எந்தக் கட்சியும் நாளைக்கே விதி செய்யலாம். நாடாளுமன்றத்தில் சட்டம் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை.

வேட்பாளர் தேர்வும் அப்படியே. 2009 பிப்ரவரியைப் பேராக்கில் யாரும் மறக்கவில்லை. பேராங், சங்காட் ஜெரிங், ஜெலாப்பாங் ஆகிய மூன்று தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் தம் கட்சிகளை விட்டு விலகினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்து ஒரு வருடம்கூட ஆகாத மாநில அரசாங்கம் கவிழ்ந்தது. மே 7ஆம் தேதி சபாநாயகர் வி. சிவகுமாரைச் சபையிலிருந்து இழுத்து வெளியேற்றிய காட்சியை நாடே பார்த்தது. 2020இல் மறுபடி ஆட்சி மாறியபோது புந்தோங், துரோனோ சட்டமன்ற உறுப்பினர்கள் ஜ.செ.க.வை விட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் துரோகம் என்று ஊர்வலம் போனது கீழ்மட்ட உறுப்பினர். அவர்களை வேட்பாளராகக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அந்த உறுப்பினரிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த வேட்பாளர் தாவவே மாட்டார் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தாவினால், தன்னைத் தெரிந்து தேர்ந்தெடுத்த ஐந்நூறு பேர் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும்.

2022 அக்டோபரில் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. கட்சியை விட்டு விலகினால் நாடாளுமன்ற உறுப்பினரின் இடம் போய்விடும். நல்லது. சில கட்சிகள் அதோடு நிற்காமல், தலைமையின் சொல்லை மீறினாலே உறுப்பியம் போகும் என்று தம் விதிகளைத் திருத்துகின்றன. 2024இல் பெர்சத்து கட்சி தன் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்கள்மீது அதைப் பயன்படுத்திப் பார்த்தது, சபாநாயகர் ஏற்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரின் பதவி இனி ‘கட்சி’ கையில் என்றால், அந்தக் கட்சி என்பது யார்? நாலு பேரா, நாலு லட்சம் பேரா?

சட்டமோ நாலு பேர் பக்கம். 1966இன் சங்கங்கள் சட்டத்தில் 18சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அம்னோவை நீதிமன்றம் 1988இல் சட்டவிரோதச் சங்கம் என்று சொன்ன அதிர்ச்சிக்குப் பிறகு, 1990இல் நுழைத்தது. கட்சி தன் உள்விவகாரத்தில் எடுக்கும் முடிவே இறுதி. எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது. உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களா, உங்கள் கிளையைக் கூட்டாமலேயே தேர்தல் முடிந்தது என்று எழுதிவிட்டார்களா, கட்சியிடமே முறையிடுங்கள். ஒரு சாதாரணச் சங்கத்தின் உறுப்பினருக்குக் கிடைக்கும் நீதி, நாட்டை ஆளும் கட்சியின் உறுப்பினருக்குக் கிடையாது. சீர்திருத்தம் என்று பேசி ஆட்சிக்கு வந்தவர்கள் இந்தப் பிரிவைத் தொட்டதாகத் தெரியவில்லை. தொட்டால் முதலில் சுடுவது அவரவர் கையைத்தான்.

உறுப்பினர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த கிளை ஆண்டுக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தால் தவறாமல் போங்கள். வராவிட்டால் செயலாளரிடம் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். உங்கள் கிளையில் எத்தனை உறுப்பினர், யார் யார், சந்தா கட்டியவர் எத்தனை பேர், கடைசித் தேர்தல் என்றைக்கு நடந்தது, அதில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் வரும் பதிலை ஏற்காதீர்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்தக் கடிதத்தின் நகலைத் தொகுதிக்கும் மாநிலத்துக்கும் சங்கப் பதிவிலாகாவுக்கும் அனுப்புங்கள். முக்கியமாக உங்கள் வீட்டுப் பெண்களின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருக்கலாம்.